முழுகினாயா என்று கேட்டார்கள்

1

கோபமாக இருக்கும்போது எதையும் எழுதாதே என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் பேச்சைக் கேட்டு ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். கோபம் ஆறவில்லை, மாவு மாதிரி புளித்துப் பொங்கித்தான் நிற்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். ஊரில் இருக்கும் நீங்கள், அதிலும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் அவர்களுக்கு மருந்து கொடுக்கிறவர்களும், முகம் சுளித்துக்கொண்டாவது இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ஆந்திராவில் இருக்கும் சித்தூர். நர்ஸ் படிப்பு முடித்து இங்கிலாந்துக்கு வந்து, இப்போது வடக்கே மழைக்குப் பேர்போன ஒரு ஊரில் பள்ளிக்கூட நர்ஸாக இருக்கிறேன். என் அண்ணன் சாம்சன் வரதய்யபாளையத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே அண்ணன் வீட்டுக்குப் போன் போடுவது என் வழக்கம். போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். என் மகள் நான்சி அதே மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளுக்குப் பதினாலு வயது. தமிழ் புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும்; என்னிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் இரண்டு தமிழ் வார்த்தை சேர்த்துக்கொள்வாள்.

போன ஞாயிறு அண்ணிதான் எடுத்தார். அவர் மகள் மெர்சியிடம் போனைக் கொடுங்கள் என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

"அவகிட்ட இன்னா பேச்சு உனுக்கு? நர்ஸம்மா வாயத் தொறந்து கேட்டுது, முழுவினியாம்மான்னு. முழுவினேன்னு கூசாம சொன்னாளே! அன்னிக்கு மட்டும் நெசத்த சொல்லியிருந்தா இந்த கெதி வருமா எங்களுக்கு? பொய்க்காரி."

மெர்சி பொய் சொன்னாள், பொய் சொன்னாள் என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன கேள்விக்கு என்ன பொய் என்பதை அன்றைக்குத்தான் முதல் முறையாக யாரோ வாய்விட்டுச் சொன்னார்கள். நான் பதில் சொல்வதற்குள் நான்சி தலையைத் தூக்கி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மம்மி, மெர்சி அக்கா குளிச்சா அத்தைக்கு ஏன் கோபம்?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

2

எங்கள் பக்கத்தில் பெண்கள் பேசும் பேச்சு உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மாதவிடாய் வந்தால் தலைக்கு முழுகுவார்கள். அதனால் முழுகினாள் என்றால் அந்த மாதம் வந்துவிட்டது என்று அர்த்தம். முழுகாமல் இருக்கிறாள் என்றால் கர்ப்பம். சுற்றி வளைத்துப் பேசி, உடம்பின் பெயரையே சொல்லாமல் பிள்ளைப்பேறு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிற சாமர்த்தியம் நம்முடையது. கல்யாணமானவர்களுக்குள் அந்தப் பேச்சு செல்லும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு முழுகுவது என்றால் தண்ணீர் ஊற்றிக் குளிப்பதுதான். வேறென்ன?

மெர்சி இன்டர் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்; பதினோராம் வகுப்புதான், அங்கே அதையே காலேஜ் என்பார்கள். அப்பாவைப் போலவே கணக்கில் கெட்டி. பக்கத்துத் தொழிற்பேட்டையான ஸ்ரீ சிட்டியில் ஒப்பந்த வேலைக்கு வந்த ஒரு பையனோடு பஸ் நிற்கும் இடத்தில் பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அவனுக்கு அவளைவிட நாலைந்து வயது அதிகம். வாந்தியும் தலைசுற்றலும் வந்தபோது, வீட்டில் சொல்லப் பயந்து, அவளாகவே துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அந்த நர்ஸ் தெலுங்குக்காரப் பெண்மணி. கெட்டவர் இல்லை, அண்ணன் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் அவர்தான் தடுப்பூசி போட்டவர். தமிழ் வீடுகளில் பேசுவதற்காக அந்த வார்த்தையைக் கற்றுவைத்திருந்தார். முழுகினாயா என்று கேட்டார். இவள் முழுகினேன் என்றாள். கல்யாணமாகாத பெண், அதுவும் வாத்தியார் வீட்டுப் பெண், அவளிடம் சிறுநீரைக் கொண்டுவா, சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்து, வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

வயிறு வெளியே தெரிந்த பிறகுதான் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் சட்டப்படி போலீசுக்குச் சொன்னார்கள். பையனின் போன் அன்றைக்கே அணைந்துவிட்டது. வழக்கு நடக்கிறது, அவன் ஜாமீனில் வேறு ஊரில் வேலை பார்க்கிறான் என்று கேள்வி. இவளைச் சபைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தினார்கள். காலேஜிலிருந்து நிறுத்தினார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். சின்ன வயது, இரத்தம் போதாது, உயிர் பிழைத்ததே பெரிது. குழந்தை இப்போது தவழுகிறது.

அண்ணன் பேத்தியை மடியிலிருந்து இறக்குவதில்லை. பெற்ற மகளோடு மட்டும் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குழந்தையைப் பார்த்து, "உங்கம்மாகிட்ட சொல்லி சொம்புல தண்ணி கொண்டாரச் சொல்லு" என்பாராம். தப்பு நடந்ததைக்கூட மன்னித்துவிடுவாராம். பொய் சொன்னதைத்தான் மன்னிக்க முடியாதாம். நல்லபடியாகக் கேட்ட நர்ஸம்மாவிடமே பொய் சொன்னவளைத் திரும்பக் காலேஜுக்கு அனுப்பினால் இன்னும் என்னென்ன சொல்வாளோ என்பது அவர் வாதம். ஆக, அந்தப் பெண்ணின் படிப்பு முழுக்க அந்த ஒரு 'முழுகினேன்' மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

3

அந்த வார்த்தையிடம் நானும் அடி வாங்கியிருக்கிறேன்.

இங்கே வந்த புதிதில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் வார்டில் இருந்தேன். ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் கடைசி மாதவிடாய் பற்றிக் கேட்க வேண்டும். வாயில் ஆங்கிலம் இருந்தது, மண்டைக்குள் சித்தூர் இருந்தது. கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா முகம் சிவந்து, என் மேல் நாற்றம் அடிக்கிறது என்கிறாயா என்று கத்தினாள். எழுத்தில் புகார். மேலதிகாரி அறையில் விசாரணை. பண்பாட்டு வேறுபாடுகளைப் புரிந்துகொள்ளும் வகுப்பு என்று ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே போய் உட்கார்ந்தால், இந்தியர்கள் தினமும் குளிப்பார்கள், அதை மதிக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தார்கள்.

பள்ளிக்கூட நர்ஸ் ஆன பிறகு வருடாவருடம் ஒரு பயிற்சி உண்டு. வளரும் பிள்ளைகளின் உடல்நலம், சின்ன வயதில் கர்ப்பமாகாமல் காப்பது, இதுதான் தலைப்பு. முதல் வருடம் அந்தப் பயிற்சியாளர் எங்களை நிற்க வைத்து உடம்பின் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் உரக்கச் சொல்லச் சொன்னார். சபையில் ஞானப்பாட்டு பாடிப் பழகிய வாய், அந்த வார்த்தைகளைச் சொல்ல வரவில்லை, காது மடல் எரிந்தது. அவர் சொன்னது ஒன்றுதான்: நீங்கள் கூச்சப்பட்டால் பிள்ளைக்கு அது தெரிந்துவிடும், அப்புறம் அது வாயைத் திறக்காது. அதற்கப்புறம் பழகிக்கொண்டேன். இப்போது என் அறைக்கு வரும் பெண்ணிடம் கேட்க வேண்டியதை நேராகக் கேட்கிறேன். சிலர் அழுவார்கள், சிலர் சிரிப்பார்கள், ஆனால் கேள்வி புரியாமல் யாரும் திரும்பிப் போனதில்லை.

இந்த ஊர் சொர்க்கம் என்று சொல்லவில்லை. இங்கேயும் பதினாறில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் கேள்வியே கேட்காமல் கேட்டதாகப் பேர் பண்ணிக்கொண்டு, பிறகு பிள்ளையைப் பொய்க்காரி என்று சொல்வதில்லை.

4

இப்போது திருப்பதிக்கு வருகிறேன். என் வயிற்றெரிச்சலே அங்கேதான்.

மெர்சிக்கு இதெல்லாம் நடப்பதற்குச் சில மாதங்கள் முன்பு நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். அதே தலைப்பில் நர்ஸுகளுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் திருப்பதியில் இரண்டு நாள் பயிற்சி. வெளிநாட்டிலிருந்து வந்தவள், நீங்களும் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். ஏசி ஹால், வாசலில் பூச்செண்டு, பெரிய பேனர். காலை முழுக்கக் குத்துவிளக்கும் வரவேற்புரையும். பிறகு திரையில் ஆங்கிலத்தில் படங்கள், வாயில் சமஸ்கிருதம் கலந்த தெலுங்கு. வளரிளம் பருவத்துக்குக் கௌமார தசை, இனப்பெருக்க நலத்துக்குப் பிரஜனன ஆரோக்கியம் என்று ஒவ்வொரு வார்த்தையும் கோயில் கல்வெட்டு மாதிரி வந்து விழுந்தது. வரதய்யபாளையத்து நர்ஸும் அந்தக் கூட்டத்தில் இருந்தார், என்னை அடையாளம் கண்டு சிரித்தார். பிற்பாடு அவருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள்.

என் முறை வந்ததும் அந்த வெள்ளைக்கார அம்மா கதையைச் சொன்னேன். ஹாலே குலுங்கியது. வெங்கடகிரி பக்கத்து நர்ஸ் ஒருவர் எழுந்து, "மேடம், தெலுங்குல தலைகீழு! 'நீள்ளு போசுகுந்தி'ன்னா, தண்ணி ஊத்திக்கினான்னா, அதுதான் முழுகாம இருக்கறது!" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. யோசித்துப் பாருங்கள். ஒரு தெருவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் கர்ப்பம். அடுத்த தெருவில் ஊற்றிக்கொள்ளாவிட்டால் கர்ப்பம். இரண்டு தெருவுக்கும் ஒரே நர்ஸ். இதற்கு நடுவில் நிற்கிற பெண் பிள்ளை என்ன பதில் சொல்லித் தப்பிப்பாள்?

சிரித்தது போதும், இனி ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் மாதவிடாய் பற்றி, உடலுறவு பற்றி, சுற்றி வளைக்காமல் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள் என்றேன். முன் வரிசையிலிருந்து ஏற்பாட்டாளர் பதறி எழுந்து வந்தார்.

"ஆ மாட்டலு வத்து மேடம். மனக்கு கல்ச்சர் உந்தி."

அந்தப் பேச்செல்லாம் வேண்டாம், நமக்குக் கல்ச்சர் இருக்கிறது என்கிறார். சின்ன வயதுக் கர்ப்பத்தைத் தடுக்கும் பயிற்சியில் மாதவிடாய் என்று சொல்லக் கூடாதாம்! நான் விடவில்லை. "அப்போ அந்தப் பொண்ணுங்க கிட்ட என்னன்னு சார் கேப்பாங்க?" என்றேன். "அவங்களுக்கு கேக்கத் தெரியும் மேடம், எக்ஸ்பீரியன்ஸ்டு ஸ்டாஃப்" என்று சொல்லிக்கொண்டே மைக்கை வாங்கிக்கொண்டார். சால்வை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதாம். அந்தச் சால்வை இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்ச்சர்! மெர்சி வயதுக்கு வந்தபோது நடந்ததைச் சொல்லவா? சீரியல் பல்பு கட்டி, ஊர் கூட்டி, ஜெபம் பண்ணி, பிரியாணி போட்டார்கள். பட்டுப்பாவாடையில் அவள் படத்தை ஆளுயர ஃபிளெக்ஸில் அடித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வைத்தார்கள். அண்ணன் எனக்கு வீடியோ அனுப்பினார். அவள் உடம்பில் என்ன நடந்தது என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். அவளுக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

5

நான்சி கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி, "அண்ணன் வந்துட்டாரு, அப்பறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டார். ஒரு வாரம் எப்படிப் போயிற்று என்று எனக்கே தெரியாது. இந்தச் சனிக்கிழமை காலையில், அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம் பார்த்து, மறுபடி போட்டேன். அண்ணனே எடுத்தார்.

"அண்ணா, ஸ்பீக்கர்ல போடுங்க. அண்ணியும் இருக்கட்டும். மெர்சிய கூப்புடுங்க."

"இன்னாத்துக்கு? அவளுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டியா நீ?"

"ஆமா. கூப்புடுங்க."

 அண்ணன் குழந்தையிடம் பேசுகிற குரலில், "தே குட்டி, உங்கம்மாவ சீமை அத்தை கூப்புடுதாம், சொல்லு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனுக்குள் கைவிட்டு அவர் சட்டையைப் பிடித்திருப்பேன்.

"சொல்லுங்க அத்தை." மெர்சியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"அன்னிக்கு நர்ஸம்மா உன்ன என்னன்னு கேட்டாங்க? அப்படியே சொல்லு."

"முழுவினியாம்மான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"முழுவினேன்னேன்."

"பாத்தியா, அவ வாயாலயே சொல்றா!" என்றார் அண்ணி.

"இருங்க அண்ணி. மெர்சி, அவங்க எதைக் கேட்டாங்கன்னு நெனச்ச?"

"குளிச்சிட்டு வந்தியான்னு கேக்கறாங்கன்னு நெனச்சேன். ஒடம்பு சரியில்லாதப்போ முழுவினா திட்டுவாங்கல்ல, அதுக்குன்னு. வேற இன்னா அத்தை அது?"

அவளுக்கு இன்னும் தெரியவில்லை. இத்தனை மாதம் பொய்க்காரி என்று கேட்டும், எதைப் பொய் என்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. பையன் விஷயத்தை வீட்டில் மறைத்ததற்காகத் திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் அந்த வார்த்தையின் அர்த்தத்தைச் சொன்னேன். 

"கதை," என்றார் அண்ணன். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. "பதினாறு வயசுப் பொண்ணுக்கு இது தெரியாதா? ஊருக்கே தெரியும்."

நான் வாயைத் திறப்பதற்குள் நான்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் வந்தாள். மாமாவிடம் கிறிஸ்துமஸுக்குத் தவிர பேசாதவள், தமிழிலேயே பேசினாள்.

"மாமா, எனக்கும் தெரியாது. என்னை யாராவது முழுகினியான்னு கேட்டா நானும் எஸ்னுதான் சொல்வேன். நான் லையர் இல்ல மாமா."

குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் அண்ணன் பேசினார். குழந்தையிடம் இல்லை.

"மெர்சி. அன்னிக்கு நெசமாவே தலைக்கு முழுவினுதான் போனியா?"

"ஆமா நைனா. காத்தால சிய்யக்கா போட்டு அம்மாதான் ஊத்திச்சி. முதுவுகூட தேச்சிச்சி."

 மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. யாருடையது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. காலேஜ் பேச்சை நான் அன்றைக்கே எடுத்தேன். அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. விடமாட்டேன், வாராவாரம் எடுப்பேன். அந்தப் பயிற்சியை இந்த வருடமும் நடத்துகிறார்களாம், காணொளியில் பேசுங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. 'மென்மையான சொற்களில்' என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். மெர்சியிடம் அனுமதி கேட்டுத்தான், அவள் பேரையும் மற்றவர்கள் பேரையும் சில ஊர்ப் பேரையும் மாற்றித்தான், இங்கே எழுதியிருக்கிறேன். அங்கேயும் இதையேதான் பேசப் போகிறேன், மைக்கைப் பிடுங்க இந்த முறை ஐயாயிரம் மைல் தாண்டி வரட்டும்.

போனை வைக்கும் முன் மெர்சிதான் கேட்டாள். "அத்தை, அப்போ அவங்க என்னான்னு கேட்டிருக்கணும்?"

அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். தெரிந்தேதான் சொன்னேன், என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்பதைப் போலவே. "உனக்கு மாதவிடாய் கடைசியா எந்தத் தேதியில வந்துச்சு? யாரோடயாவது உடலுறவு நடந்துச்சா? உனக்கு அதுல விருப்பம் இருந்துச்சா, இல்ல யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? நீ என்ன சொன்னாலும் நான் உன்னைத் திட்ட மாட்டேன். இப்படிக் கேட்டிருக்கணும்."

அண்ணன் இருமவில்லை, எழுந்து போகவும் இல்லை. 

"இப்பிடி கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே அத்தை," என்றாள் மெர்சி. "சொல்றதுக்குத்தானே போனேன்."